ஒற்றைப் பாதையா, ஊரெல்லாம் பாதையா?

*வீடியோ கேம் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக வாதிட்டுத் தீராத கேள்வி இது. சித்தேரி மலையில் நின்று கேட்டால், கேள்வியே கொஞ்சம் மாறிவிடுகிறது.*

“மாமா, மிஷனுக்குப் போடா. மேப்புல மார்க் காட்டுதுல்ல?”

“இருடா. இந்த மலையில பைக் ஏறுதான்னு பாத்துட்டு வரேன்.”

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பேருந்து சித்தேரியில் வந்து நிற்கிறது. பக்கத்து டீக்கடை பெஞ்சில் மூன்று இளைஞர்கள், கல்லூரி விடுமுறைக்கு வந்தவர்கள், ஒரே போன்மீது தலையைக் கவிழ்த்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருப்பது ‘ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்’. 2004ல் பிளேஸ்டேஷனில் வெளிவந்து, 2013 கடைசியில் கைப்பேசிக்கு வந்த ஆட்டம். இன்னும் சலிக்கவில்லை.

திரையில் இருப்பவன் சிஜே. ஓடினால் அவனுக்குத் தம் கூடும், தின்றால் தொப்பை போடும், ஜிம்முக்குப் போனால் புஜம் ஏறும். அவன் முடிக்க வேண்டிய வேலை ஊருக்குள் காத்திருக்கிறது. போன் வைத்திருப்பவரின் விரலோ அவனைச் சிலியட் மலைக்கு ஓட்டுகிறது. பைக் சறுக்குகிறது, புரள்கிறது, மறுபடியும் ஏறுகிறது. உச்சியில் ஒரு பாராசூட் கிடக்கிறது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்துகிறார்கள். அடுத்த நொடி சிஜே மலையிலிருந்து குதித்துவிட்டான். மிஷன் பேச்சு அதோடு போயிற்று.

மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், இன்னொரு மலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். அந்த ஆசைக்கு வழிவிடுவதா, கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கதையைச் சொல்லி முடிப்பதா? ஆர்பிஜி எனப்படும், ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் முதல் நாள் எடுக்க வேண்டிய முடிவு இதுதான். பட்ஜெட், ஆள்பலம், ஆடுகிறவரின் நேரம், கதையின் கனம் எல்லாம் அந்த ஒரு முடிவிலிருந்து கிளைக்கின்றன.

இரண்டு கட்சிகள்

லீனியர் ஆட்டத்தில் ஒரு காட்சி முடிந்தால்தான் அடுத்தது திறக்கும். யாரை எப்போது சந்திக்கிறோம், எப்போது இழக்கிறோம் என்பதை எழுதியவர் முடிவு செய்கிறார். ஓப்பன் வேர்ல்டில் ஊர், காடு, மலை எல்லாம் ஆரம்பத்திலிருந்தே விரிந்து கிடக்கும். எங்கே முதலில் போவது என்பது நம் விருப்பம்.

இரண்டாவது கட்சியின் வேர் பழையது. ஜப்பானில் 1986ல் நிண்டெண்டோவின் ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ வந்தது. அதை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகில் சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவனாகக் காடு மேடெல்லாம் அலைந்ததையும், விளக்கோடு ஒரு குகைக்குள் நுழைந்ததையும், எதிர்பாராமல் ஏரி ஒன்றைக் கண்டதையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சிறுவனின் வியப்புதான் செல்டாவின் விதை. சித்தேரிப் பிள்ளைகளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

> வந்த வழி
>
> 1974: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. காகிதமும் பகடையும் கொண்டு ஆடியது. எல்லா ஆர்பிஜிக்கும் தாய்.
>
> 1986: ஜப்பானில் ‘செல்டா’வும் ‘டிராகன் குவெஸ்ட்’டும்.
>
> 1996: ‘டேகர்ஃபால்’. கணினியே உருவாக்கிய பிரம்மாண்ட நிலப்பரப்பு, சுமார் 15,000 ஊர்களும் இடங்களும். பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருந்தன.
>
> 2009: ‘ஃபைனல் ஃபேன்டசி 13’. குறுகிய பாதையிலேயே நெடுநேரம் ஓடவிட்டதற்காக ரசிகர்கள் கோபித்த ஆட்டம்.
>
> 2011, 2015, 2017, 2022: ‘ஸ்கைரிம்’, ‘விட்சர் 3’, ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’, ‘எல்டன் ரிங்’. ஓப்பன் வேர்ல்டின் பொற்காலம்.
>
> 2025: பிரான்சின் மோன்பெலியே நகரிலிருந்து வந்த ‘கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’. சுமார் 30 பேர் கொண்ட மையக் குழு, பெரும்பகுதி ஒற்றைப் பாதை. அந்த ஆண்டின் மிகப் பெரிய விருதுகளைத் தட்டிச் சென்றது.

மலை மறைக்கும், மலையே காட்டும்

‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ உருவான கதையை நிண்டெண்டோ குழு 2017ல் ஜப்பானிய விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் விவரித்தது. ஆரம்பத்தில் அவர்கள் நிலமெங்கும் கோபுரங்களை நட்டார்கள். தூரத்திலிருந்து கோபுரம் தெரியும், அதை நோக்கி ஆடுகிறவர் தன் இஷ்டப்படி நடப்பார் என்பது கணக்கு. சோதனையில் நடந்தது வேறு. பெரும்பாலானவர்கள் ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு நேராகப் போய்க்கொண்டே இருந்தார்கள். நிலம் திறந்து கிடந்தும் அவர்கள் நடந்தது ஒற்றைக் கோட்டில்.

பிறகு குழு முக்கோணங்களைக் கையில் எடுத்தது. மலை, குன்று, பாறை எல்லாம் முக்கோண வடிவம். எதிரே ஒரு முக்கோணம் நின்றால் ஏறிக் கடப்பதா, சுற்றிப் போவதா என்று மனம் யோசிக்கும். பின்னால் இருப்பதை அது மறைக்கும். சுற்றி வந்தால் மறைந்திருந்தது திடீரென்று வெளிப்படும். பெரிய மலை தூரத்திலிருந்து அழைக்க, நடுத்தரக் குன்று பார்வையை மறிக்க, சிறிய பாறை நடையின் தாளத்தை மாற்ற என்று அளவு பார்த்து அடுக்கினார்கள். ஆடுகிறவர் தானாகத் திசைமாறுவதாக நினைக்கிறார். அவருக்கு முன்பே யாரோ அந்தத் திருப்பத்தை யோசித்து வைத்திருக்கிறார். நல்ல ஓப்பன் வேர்ல்டின் ரகசியமே இந்த மறைமுகக் கைதான்.

‘எல்டன் ரிங்’ இதையே கொஞ்சம் முரட்டுத்தனமாகச் செய்தது. முதல் குகையிலிருந்து வெளியே வந்ததும் பச்சை வெளி, அதன் நடுவே பொன்கவசக் குதிரைவீரன் ஒருவன். எதிர்த்தால் இரண்டு அடியில் சாவு. மறுபடி எதிர்த்தால் மறுபடி சாவு. எந்த அறிவிப்பும் வராது. ‘இவனை இப்போது விடு, வேறு பக்கம் போ, பலத்தோடு திரும்பி வா’ என்பதைச் சாவே கற்றுத்தருகிறது. ஹிடேடகா மியாசாகியின் குழு ஆடுகிறவரின் புத்தியை மதித்தது. ஆட்டம் 3 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

2006ல் வந்த ‘ஆப்ளிவியன்’ இதற்கு நேர்மாறு. ஆடுகிறவர் எந்த இடத்துக்கு எப்போது வருவார் என்று தெரியாததால், அவர் பலம் கூடக்கூட எதிரிகளின் பலமும் கூடும்படி செய்துவிட்டார்கள். கடைசியில் சாலையோர வழிப்பறிக்காரன்கூட அரும்பெரும் கவசம் அணிந்து நின்றான். எங்கே போனாலும் ஒரே கஷ்டம் என்றால் எங்கேயும் போகத் தேவையில்லை என்று ரசிகர்கள் அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பு நியாயமானது.

‘விட்சர் 3’ல் வேறொரு சிக்கல். நாயகன் கெரால்ட் வளர்த்த பெண் சிரியைக் கொடியவர்கள் துரத்துகிறார்கள், ஒரு நொடியும் வீணாக்கக் கூடாது என்று கதை பதறுகிறது. நாமோ கிராமம் கிராமமாகப் போய் ‘குவென்ட்’ சீட்டு ஆடிக்கொண்டிருக்கலாம். சிரி எங்கேயும் போய்விட மாட்டாள். அந்த ஆட்டத்தில் பலரும் மறக்காதது, குடிகாரப் பிரபு ஒருவன் தன் குடும்பத்தைத் தானே சிதைத்துக்கொண்ட கதை. ஆரம்பம் முதல் முடிவுவரை அது இறுக்கமாக எழுதப்பட்ட கதை. பரந்த உலகத்துக்குள் நெஞ்சைத் தொட்ட பகுதி எது என்று பார்த்தால், குறுகலான பகுதியாகவே இருக்கிறது. என் கட்சி எது என்பது இதற்குள் வாசகருக்குப் புரிந்திருக்கும்.

இட்லித் தட்டுக்குள் ஒரு வாழ்க்கை

தமிழர் கையிலிருந்து உலக அரங்குக்குப் போன ஆட்டம் ஒன்றைப் பார்ப்போம். கனடாவின் டொரண்டோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’வை வெளியிட்டது. 1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் தம்பதி. அவர்களுக்குப் பிறக்கும் மகன் கவின். சமையல்தான் ஆட்டம். இலக்கணப்படி அது ஆர்பிஜி இல்லை. ஒரு பாத்திரத்துக்குள் இறங்கி அவராகவே வாழ்வதுதான் ஆர்பிஜியின் உயிர் என்றால், அதில் ‘வெண்பா’ எந்தப் பெரிய ஆட்டத்துக்கும் குறைந்ததில்லை.

அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து, மை கலைந்து கிடக்கிறது. இட்லிக்கு மாவு ஊற்றி, தட்டுகளை அடுக்க வேண்டும். தட்டுகளை எப்படி மாற்றி அடுக்குவது என்ற குறிப்பு மட்டும் அழிந்துபோயிருக்கிறது. சரியாக மாற்றி வைத்தால்தான் ஆவி மேலேறும். நம் வீடுகளில் கை தானாகச் செய்யும் வேலை. ஆட்டத்தில் அது புதிராகிறது. தவறாக வைத்தால் இட்லி வேகாது, மறுபடி முயல வேண்டும்.

பையன் வளர வளர, தமிழில் பேசும் அம்மாவின் வசனங்கள் அவன் காதில் தேய்வது திரையிலேயே தெரிகிறது. எழுத்துகள் மங்குகின்றன. அவனுக்குப் புரியாதது நமக்கும் படிக்கக் கிடைப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். சில இடங்களில் பதிலைத் தேர்ந்தெடுக்கலாம், கதையின் போக்கை மாற்ற முடியாது. பிள்ளை விலகிப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் இடத்தில் நாம் இருக்கிறோம், தடுக்க வழியில்லை. இதே கதையை டொரண்டோ நகரம் முழுவதும் சுற்றித் திரியும்படி அமைத்திருந்தால் அந்த வலி நீர்த்துப்போயிருக்கும். 2024ல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா வழங்கும் அறிமுகப் படைப்பு விருதும் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தன.

> நம் பக்கத்து ஆட்டங்கள்
>
> அன்ரெஸ்ட் (2014): போபாலின் பைரோடாக்டைல் உருவாக்கிய ஆர்பிஜி. பஞ்சத்தில் தவிக்கும் பழங்கால இந்திய நகரம், பல பாத்திரங்களின் கண்வழியாக.
>
> மிஸ்ஸிங் (2016): பெண் கடத்தலைப் பற்றிய கைப்பேசி ஆர்பிஜி. கலைஞர் லீனா கெஜ்ரிவாலின் முயற்சி, கொல்கத்தா.
>
> ராஜி (2020): புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ். தம்பியைத் தேடிப்போகும் சர்க்கஸ் பெண்ணின் நேர்கோட்டுக் கதை.
>
> வெண்பா (2023): டொரண்டோவின் விசை கேம்ஸ்.

காசும் கலைஞர்களும்

ஒற்றைப் பாதையை நம்மவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காசும் ஒரு காரணம். ‘விட்சர் 3’க்கு விளம்பரத்தையும் சேர்த்து ஆன செலவு சுமார் 8.1 கோடி டாலர். ‘எக்ஸ்பெடிஷன் 33’ அதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில் முடிந்தது. ‘ராஜி’ குழு 2017ல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடம் பணம் கேட்டுத் தோற்றது. அதற்குப் பிறகும் மூன்றாண்டு முட்டிமோதித்தான் ஆட்டத்தை வெளியிட்டார்கள்.

பரந்த உலகம் ஒன்றைக் கட்டுவதற்கு ஆயிரக்கணக்கான மரம், கல், வண்டி, கதவு, பானை தேவை. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைய வேண்டும். அப்படி வரைந்தவர்களில் நம்மவர்கள் ஏராளம். பெங்களூரில் 1997ல் தொடங்கிய துருவா இண்டராக்டிவ், ‘ஃபோர்ஸா’ கார்ப் பந்தய ஆட்டங்களுக்குக் கலை செய்து தந்தது. 2019ல் ‘ஜிடிஏ’வை உருவாக்கும் ராக்ஸ்டார் அதை 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் இந்தியக் கிளையோடு சேர்த்துக்கொண்டது. சித்தேரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அடுத்துச் சுற்றப்போகும் கற்பனை அமெரிக்க நகரத்தின் தெருக்களில் பெங்களூரில் வேலைபார்ப்பவர்களின் கைவண்ணமும் இருக்கும்.

இந்த வேலைக்கு நிச்சயம் கிடையாது. திரைப்படங்களோடு வீடியோ விளையாட்டுகளுக்கும் கலை செய்துதந்த டெக்னிகலர் குழுமம் 2025 பிப்ரவரியில் சரிந்தபோது, பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் திடீரென்று நடுத்தெருவில் நின்றார்கள். அடுத்தவரின் உலகத்துக்கு மரம் வரைந்து கொடுத்த இத்தனை திறமைசாலிகள் இருக்கும் நாட்டில், நம் மலையை, நம் காட்டை வைத்து ஓர் ஆட்டம் வராதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

முடிவே இல்லாத ஆட்டம்

தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்கு விளையாட்டு என்றால் போன்தான். அங்கே ஓப்பன் வேர்ல்ட் வேறு முகம் காட்டுகிறது. 2020 செப்டம்பரில் வந்த சீன ஆட்டம் ‘கென்ஷின் இம்பாக்ட்’ அழகான நிலப்பரப்பு கொண்டது, இலவசமாகவே கிடைக்கிறது. பிடித்த வீரர்களைப் பெற வேண்டுமானால் குலுக்கல் முறையில் முயல வேண்டும். பொறுமை உள்ளவர்கள் நாள்கணக்கில் சேர்த்துவைத்துக் குலுக்குகிறார்கள். பொறுமை இல்லாதவர்கள் காசு கட்டுகிறார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை புது நிலமும் புது வீரர்களும் வந்துகொண்டே இருப்பதால் முடிந்தது என்ற சொல்லுக்கே இடமில்லை.

பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்று மட்டும் கேட்பது போதாது. அவன் ஆடுவது முடியக்கூடிய ஆட்டமா என்றும் கேட்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும் கதை ஒன்றைக் குடும்பமாக உட்கார்ந்து ஆடலாம், பேசலாம், மூடிவைக்கலாம். தினமும் வந்து கதவைத் தட்டும் ஆட்டத்தோடு அப்படி ஓர் உறவு சாத்தியமில்லை.

சித்தேரியை ஆட்டமாக்கினால்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு சித்தேரி. மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கின்றன. தார்ச்சாலை ஒன்று, அதிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகள் கணக்கில்லை. வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர் யாரும் ‘அடடா, ரெடிமேட் ஓப்பன் வேர்ல்ட்’ என்றுதான் நினைப்பார். இங்கே நின்று நிதானிக்க வேண்டும். திரையில் சாலை இல்லாத ஊர் சாகசம். மலையில் சாலை இல்லாத ஊர் என்றால், பிரசவ வலியில் இருப்பவரைத் தோளில் தூக்கி இறக்க வேண்டிய ஊர். இதைத் தெரிந்துகொள்ளாமல் வரைந்த வரைபடம் வெறும் இயற்கைக்காட்சிதான்.

கதைக்கு இங்கே பஞ்சமில்லை. மலையாளி மக்களிடம் ஒரு பூர்வகதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பிகள் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்துபோனார்கள் என்பது அதன் சாரம். மூன்று பேர், மூன்று வழி. எவரோடு போவது என்று ஆடுகிறவர் தேர்ந்தெடுக்கலாம், அதன்பின் அவரவர் பாதை ஒன்றுதான். ஆர்பிஜிக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருக்க முடியாது.

நடுகற்கள் இருக்கின்றன. தருமபுரி வட்டாரமும் பக்கத்துச் செங்கம் பகுதியும் அவற்றுக்குப் பெயர்போனவை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமை மந்தையைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரன் அதில் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ‘எல்டன் ரிங்’ தன் பழங்கதையைத் துண்டு துண்டாக, கிடைக்கும் பொருள்களின் குறிப்புகளில் ஒளித்துவைத்தது. நம் வயல்வெளியில் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அதே வேலையைக் கற்கள் செய்துவருகின்றன. கண்டெடுத்துப் படிப்பவருக்குக் கதை, நடந்து போய்விடுபவருக்கு வெறும் கல்.

இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிய கலையும் நம்மிடம் இருக்கிறது. தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து. கதையின் வரிசை மாறாது. ஆனால் அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவது ஓரிடம், துரியோதனன் மண்ணுருவாகப் படுத்திருக்கும் படுகளம் வேறிடம், தீமிதி இன்னோர் இடம். சனம் இடம்விட்டு இடம் நடக்கிறது, கடைத்தெருவில் நிற்கிறது, தூங்கி எழுந்து மறுபடி வந்து சேர்கிறது. ஊர் திறந்தே கிடக்கிறது, கதை தன் வழியில் போகிறது. ‘விட்சர் 3’ தடுமாறிய இடத்தை இந்தத் திருவிழா எத்தனையோ தலைமுறைக்கு முன்பே கடந்துவிட்டது.

எல்லாக் கதைக்கும் இப்படிச் சுற்றித் திரியவிடும் சலுகை கிடையாது. சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

இந்த வரலாற்றை என்றாவது ஒருவர் ஆட்டமாக எடுக்கத் துணிந்தால், அதில் சுற்றித் திரிய இடம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். திருப்பிச் சுடும் வசதியும், ‘தாண்டிப் போ’ பொத்தானும் கூடாது. அந்த மக்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆடுகிறவருக்கும் இருக்கலாகாது. கொல்கத்தாவின் ‘மிஸ்ஸிங்’ அப்படித்தான் யோசித்தது. கடத்தப்பட்ட பெண்ணாக நாம் இருக்கிறோம். தேர்வுகள் வருகின்றன, ஆனால் அவள் கைக்கு எட்டக்கூடிய அளவில்தான் வருகின்றன. அந்தக் குறுகல்தான் அந்த ஆட்டம் சொல்லவந்த சேதி. வாச்சாத்தியைப் பொறுத்தவரை, அதை ஆட்டமாக்கலாமா என்ற கேள்வியையே முதலில் அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

கருவி கைக்கு வந்துவிட்டது

தொழில்நுட்பம் தடையாக இருந்த காலம் போய்விட்டது. விளையாட்டு உருவாக்க உதவும் ‘கோடோ’ இலவச மென்பொருள். அதன் பழைய பதிப்புகளில் தமிழ் உடைந்துதான் வரும். ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறி நிற்கும். வசனத்தையெல்லாம் படமாக மாற்றி ஒட்ட வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் வந்த 4ஆம் பதிப்பு அந்தக் குறையைத் தீர்த்தது. தட்டிய தமிழ் தட்டியபடியே திரையில் வருகிறது.

தருமபுரியை ஒட்டிச் செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரூரிலும் பாப்பிரெட்டிப்பட்டியிலும் அரசு கலைக்கல்லூரிகள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கிவந்து படிக்கும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். நான்கு பேர், இரண்டு மடிக்கணினி, ஒரு மணி நேரத்தில் முடியும் ஒரு கதை. தொடக்கத்துக்கு இது போதும். கதையை மலைமேல் இருக்கும் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். பாட்டி கதையை எங்கே நிறுத்துகிறாள், எந்த இடத்தில் பேரனை ‘நீயே சொல்லு’ என்கிறாள் என்று குறித்துக்கொண்டு வந்தால், பாதை எங்கே ஒன்றாக இருக்க வேண்டும், எங்கே பிரிய வேண்டும் என்பது அந்த நோட்டிலேயே இருக்கும்.